குவாட்டர்பேக் தடுமாறுகிறாரா? ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டருக்கான பிழை நீக்கும் வழிமுறை

அமெரிக்கன் ஃபுட்பாலில் தாக்கும் அணி திணறத் தொடங்கியதும் எல்லோருடைய விரலும் முதலில், பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக்கை நோக்கித்தான் நீளும். ஏறக்குறைய ஒவ்வொரு பிளேயிலும் (முன்கூட்டியே வரைந்த ஒரு நகர்வு) பந்து அவர் கைக்கு வருவதால் பழியும் அவர் தலையிலேயே விழுகிறது. ஆனால் அவர் எத்தனை காலடி பின்வாங்க வேண்டும், பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களில் யாரை முதலில் பார்க்க வேண்டும், அவரைக் காக்க எத்தனை பேர் நிற்பார்கள், ஹெல்மெட்டுக்குள் அவர் காதில் எத்தனை சொற்கள் ஒலிக்கும் என்பதையெல்லாம் தீர்மானிப்பவர், தாக்குதலைத் திட்டமிடும் பயிற்சியாளரான கோஆர்டினேட்டர். எனவே இந்த வழிமுறை ஒரு சாய்வோடுதான் எழுதப்பட்டிருக்கிறது. எந்த அறிகுறி தென்பட்டாலும் முதலில் நீங்கள் வரைந்த பிளேயைச் சோதியுங்கள், அடுத்து நீங்கள் கற்பித்த முறையைச் சோதியுங்கள், வீரரின் கையைக் கடைசியாகச் சோதியுங்கள்.

தொடங்குமுன் இரண்டு கோணப் பதிவுகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: களம் முழுவதும் தெரியும் பக்கவாட்டுப் பதிவு ஒன்று, களத்தின் கடைக்கோடியில் புள்ளி எடுக்கும் பகுதியான எண்ட் ஸோனுக்குப் பின்னாலிருந்து எடுத்த பதிவு ஒன்று. தொலைக்காட்சி ஒளிபரப்பு இந்த வேலைக்குப் பயன்படாது. பந்தைத் துரத்தும் கேமராவில் ஆழத்தில் நிற்கும் தடுப்பாளர்களான சேஃப்டிகள் தெரிவதே இல்லை. தோற்றுப்போன பிளேக்களில் இருபதையாவது பார்த்து, எத்தனை பேர் பாய்ந்து வந்தார்கள், குவாட்டர்பேக்கின் கடைசிக் காலடி எப்போது ஊன்றியது, அந்தக் கணத்தில் முதல் ரிசீவர் எங்கே இருந்தார் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் ஒரு மாற்றத்துக்கு மேல் செய்ய வேண்டாம். இரண்டு திருகுகளை ஒரே நேரத்தில் திருகிவிட்டால் எது வேலை செய்தது என்று பிறகு சொல்ல முடியாது.

அறிகுறி: பந்தை நெடுநேரம் கையிலேயே வைத்திருக்கிறார், சாக் ஆகிறார் (எறியுமுன் பந்தோடு விழுத்தப்படுகிறார்)

அதிகம் காணப்படுவதும் அதிகம் தவறாகக் கணிக்கப்படுவதும் இந்த அறிகுறிதான். "முடிவெடுக்கத் தயங்குகிறார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதை ஏற்குமுன் காலடியையும் ரூட்டையும் (ரிசீவர் ஓடும் பாதை) ஒப்பிட்டுப் பாருங்கள்.

முன்வரிசையின் நடுவிலிருந்து பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டரின் முதுகை ஒட்டி நின்று பந்தை வாங்கும் குவாட்டர்பேக்குக்கு மூன்று, ஐந்து, ஏழு காலடி என்று பின்வாங்கும் அளவுகள் உண்டு. மூன்று காலடிக்கு ஐந்தாறு யார்டில் திரும்பும் ரூட் பொருந்தும். ஐந்து காலடிக்குப் பத்துப் பன்னிரண்டு யார்டு. ஏழு காலடிக்கு அதற்கும் ஆழமானவை. ஷாட்கன் நிலையில் ஏற்கெனவே சில யார்டு பின்னால் நிற்பதால் ஏறக்குறைய இரண்டு காலடியைக் கழித்துக்கொள்ளலாம். இப்போது வீடியோவை, கடைசிக் காலடி புல்லில் ஊன்றும் கணத்தில் நிறுத்துங்கள். முதல் ரிசீவரின் இடுப்பு திரும்பிவிட்டதா? இன்னும் நேராகவே ஓடிக்கொண்டிருந்தால், குவாட்டர்பேக் காத்திருந்தது சரி. நீங்கள் வரைந்த பிளேதான் தவறு. ரூட்டை இரண்டு யார்டு குறையுங்கள், அல்லது காலடியைக் கூட்டுங்கள். ரிசீவர் திரும்பிய பிறகும் குவாட்டர்பேக் நின்ற இடத்தில் மேலும் ஒரு சிறு துள்ளல் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் பிழை அவருடையது. ரிசீவர் காலியாக நிற்பதைக் கண்ணால் கண்ட பிறகே எறிவேன் என்று காத்திருக்கிறார். கல்லூரியில் அகலமான ஜன்னல்களைப் பார்த்துப் பழகியவர்களிடம் இது இயல்பு. இதற்கான மருந்து, தடுப்பாளர்கள் யாரும் இல்லாத பயிற்சியில் காலடியையே கடிகாரமாக்குவது: ஐந்தாவது காலடி ஊன்றினால் முதல் ரிசீவர், ஒரு துள்ளல் விழுந்தால் இரண்டாமவர், மேலும் ஒன்று விழுந்தால் மூன்றாமவர் அல்லது பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக். கண் தனியாகவும் கால் தனியாகவும் ஓடுவது நிற்கும்வரை இதைச் செய்யுங்கள்.

காலடி சரியாக இருக்கிறது, ஆனாலும் சாக் ஆகிறார் என்றால் தலைகளை எண்ணுங்கள். முன்வரிசையில் ஐவர், உடன் ரன்னிங் பேக் நின்றால் அறுவர். எதிரணி ஏழு பேரை அனுப்பினால் ஒருவர் தொடப்படாமல் வருவார். இது கணக்கு, யாருடைய சோம்பேறித்தனமும் இல்லை. அந்த ஏழாமவர் வந்தால் பந்து எந்த ரிசீவருக்கு உடனே போக வேண்டும் என்பது பிளேயிலேயே வரையப்பட்டிருக்க வேண்டும். திங்கட்கிழமைக் கூட்டத்தில் பிளேயைத் திரையில் நிறுத்திவிட்டு, "இதில் நம்மால் தடுக்க முடியாத ஆள் யார்?" என்று கேளுங்கள். குவாட்டர்பேக் தடுமாறினால் பாடம் போதவில்லை. சென்டர் ஒருவரையும் குவாட்டர்பேக் வேறொருவரையும் காட்டினால் அதைவிட மோசம். பாஸ் பாதுகாப்பின் மொழியை இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து கற்கவில்லை என்று பொருள்.

ஒரு எச்சரிக்கை. 2002-இல் புதிதாகத் தொடங்கப்பட்ட ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் அணி, அந்த ஆண்டின் புதுமுக வீரர் தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்ட குவாட்டர்பேக் டேவிட் காரை முதல் ஆட்டத்திலிருந்தே களமிறக்கியது. அந்த சீசனில் அவர் 76 முறை சாக் செய்யப்பட்டார், அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். வரலாற்றில் ஒரே சீசனில் அத்தனை முறை வேறு யாரும் விழுத்தப்பட்டதில்லை. இத்தகைய அடி வாங்கிய குவாட்டர்பேக்கின் கண், ரிசீவர்களை விட்டுக் கீழே இறங்கி, பாய்ந்து வருபவர்களையே பார்க்கப் பழகிவிடும். எண்ட் ஸோன் கோணத்தில் அவருடைய ஹெல்மெட் தாழ்வதைத் தெளிவாகக் காணலாம். அந்த நிலை வந்த பிறகு எதிரணியின் கவரேஜ் (காவல் அமைப்பு) பற்றி எத்தனை வகுப்பு எடுத்தாலும் ஏறாது. சில வாரங்களுக்கு முன்வரிசையின் ஓரத்தில் நிற்கும் டைட் எண்ட்கள் இருவரை நிறுத்துங்கள், பந்தைச் சீக்கிரம் வெளியேற்றும் பிளேக்களைக் கொடுங்கள், பாக்கெட்டைப் (அவரைச் சுற்றிய காவல் வளையத்தை) பக்கவாட்டில் நகர்த்தி அரைக்களத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். கண் நிமிர்ந்த பிறகு மற்றதைப் பேசலாம்.

இன்னொரு சாத்தியமும் உண்டு: உங்கள் தாக்குதல் முறையே இந்த வீரருக்குப் பொருந்தாமல் இருக்கலாம். சின்சினாட்டி பெங்கால்ஸில் உதவிப் பயிற்சியாளராக இருந்த பில் வால்ஷுக்கு 1969-இல் கிரெக் குக் என்ற வலுவான கை கொண்ட இளைஞர் கிடைத்தார். தோள் காயம் அவருடைய ஆட்ட வாழ்க்கையையே சிதைத்துவிட்டது. அவருக்குப் பதிலாக வந்த வெர்ஜில் கார்ட்டருக்கு நீளமாக எறியும் கை இல்லை. குறி மட்டும் தப்பாது. வால்ஷ் அவரை நீளமாக எறியச் சொல்லிப் பழக்கவில்லை. களம் அகலத்தில் 53 யார்டுக்கு மேல் விரிந்து கிடக்கிறதே என்று, குறுகிய பாஸ்களைப் பக்கவாட்டில் பரப்பினார். 1971-இல் லீகிலேயே அதிக சதவீத பாஸ்களைச் சேர்த்தவர் கார்ட்டர்தான். பின்னாளில் சான் ஃபிரான்சிஸ்கோவில் மூன்றாம் சுற்றில் தேர்வான ஜோ மாண்டானாவோடு உலகறிந்த அந்த முறை, பற்றாக்குறையை ஒட்டித் தைத்த சட்டையாகத்தான் பிறந்தது.

அறிகுறி: கடிகாரம் தீர்ந்துவிடுகிறது, டைம்-அவுட் வீணாகிறது, ஆட்கள் தவறான இடத்தில் நிற்கிறார்கள்

இங்கே உங்கள் நாக்கின் நீளத்தை அளக்க வேண்டும். ஒரு பிளே முடிந்ததும் 40 வினாடிக் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. என்.எஃப்.எல்.லில் 1994 முதல் குவாட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் வானொலி உண்டு. ஆனால் கடிகாரம் 15-ஐத் தொட்டதும் இணைப்பு துண்டிக்கப்படும். எனவே பிளேயைத் தேர்ந்தெடுத்து அவர் காதில் சொல்லி முடிக்க உங்களுக்கு இருப்பது 25 வினாடி. அதில் பாதியை யோசிப்பதிலேயே செலவழித்தால், மீதியில் அவர் கேட்டு, ஹடிலில் (பிளேக்கு முன் கூடும் வட்டம்) பத்துப் பேருக்கும் திருப்பிச் சொல்லி, வரிசைக்கு வந்து, எதிரணியைப் படித்தாக வேண்டும். ஒரு கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு சொந்த அழைப்பை உரக்கச் சொல்லிப் பாருங்கள். எட்டு வினாடியைத் தாண்டினால் குவாட்டர்பேக்கைத் திட்டும் உரிமை உங்களுக்கு இல்லை என்பது என் கட்சி.

அழைப்புமொழிகள் பெரும்பாலும் மூன்று மரபுகளிலிருந்து வருகின்றன. பயிற்சியாளர் டான் கோரியல் வழியில் ஒவ்வொரு ரூட்டுக்கும் ஓர் எண் உண்டு. ஒன்பது என்றால் நேராக ஆழத்துக்கு ஓடுவது, எட்டு என்றால் ஆழத்தில் உட்பக்கம் திரும்புவது, ஏழு என்றால் மூலைக்குத் திரும்புவது. எண்களை அடுக்கினால் எல்லோருக்கும் வேலை சொல்லியாகிவிடும். வால்ஷ் வழியில் சொற்கள் ஆள்கின்றன. 'ஸ்பைடர் 2 ஒய் பனானா' என்ற புகழ்பெற்ற அழைப்பில் முதல் பாதி பாஸ் பாதுகாப்பையும், 'ஒய்' டைட் எண்டையும், 'பனானா' அவர் வாழைப்பழம் போல வளைந்து மூலைக்கு ஓட வேண்டியதையும் குறிக்கும். இனிமையான பெயர்தான், ஆனால் இதற்கு முன்னும் பின்னும் ஃபார்மேஷன் (ஆட்கள் நிற்கும் அமைப்பு), மோஷன் (பிளே தொடங்குமுன் நகர்வு), மாற்றுப் பிளே என்று சேரும்போது வாக்கியம் ரயிலாகிவிடும். மூன்றாவது, ரான் எர்ஹார்ட், ரே பெர்கின்ஸ் இருவரின் பெயரால் வழங்கும் முறை: களத்தின் ஒரு பக்கத்தில் ஓடும் ரூட்டுகளின் கூட்டுக்கே ஒரு சொல். யார் எந்த இடத்தில் நின்றாலும் அந்த இடத்துக்குரிய ரூட்டை ஓடுவார்கள். குவாட்டர்பேக் டாம் பிரேடி நியூ இங்கிலாந்து அணியில் இரு பத்தாண்டுகள் பேசிய மொழி இதுதான்.

இளம் குவாட்டர்பேக் தடுமாறினால் மொழியையே மாற்றிவிடாதீர்கள். ஒரே சீசனின் நடுவே அதைச் செய்வது வீட்டில் குடியிருந்துகொண்டே அஸ்திவாரத்தைத் தோண்டுவது போன்றது. அதிகம் அழைக்கும் பிளேக்களுக்கு ஒற்றைச் சொல் சூட்டுங்கள்; மற்றவற்றை மணிக்கட்டுப் பட்டையில் எண்ணிட்டு அச்சடித்து, காதில் எண்ணை மட்டும் சொல்லுங்கள். கல்லூரி ஃபுட்பாலின் மேல்பிரிவான எஃப்.பி.எஸ்.ஸில் ஹெல்மெட் வானொலி 2024-இல்தான் அனுமதிக்கப்பட்டது. அதற்கு முன் அங்கே ஆடிய பலர் பக்கக்கோட்டில் தூக்கிப் பிடித்த படப்பலகைகளையும் கைச்சைகைகளையும் பார்த்தே வளர்ந்தவர்கள். ஹடிலில் ஒரு நீண்ட வாக்கியத்தைக் கணீரென்று சொல்வதையே அவர்களுக்கு முதலிலிருந்து பழக்க வேண்டியிருக்கும்.

அறிகுறி: களத்தின் நடுவில் இன்டர்செப்ஷன்கள் (எதிரணி பிடித்துவிடும் பாஸ்கள்)

ஸ்னாப்புக்கு (சென்டர் பந்தைப் பின்னால் கொடுப்பது) முன் இரண்டு சேஃப்டிகள் ஆழத்தில் நிற்பார்கள். ஸ்னாப் ஆனதும் ஒருவர் கீழே இறங்க, மற்றவர் நடுவுக்கு நகர்ந்துவிடுவார். நடு திறந்திருக்கிறது என்று நம்பி எறிந்த பந்து நடுவை மூடியவரின் மார்பில் போய் விழும். இதைச் சோதிக்கும் வழி எளிது. வீடியோவை ஸ்னாப்புக்கு அரை வினாடி கழித்து நிறுத்தி, "நடு திறந்ததா, மூடியதா?" என்று மட்டும் கேளுங்கள். கவரேஜின் பெயர் வேண்டாம். பெயரை மனப்பாடமாகச் சொல்லிவிட்டுத் தவறாக எறிபவர்கள் ஏராளம். நாற்பது பிளேக்களை வரிசையாக இப்படி ஓட்டினால் பிழை கண்ணிலா அறிவிலா என்று தெரிந்துவிடும்.

கண்ணில் என்றால், நீங்கள் உதவி செய்யலாம். ஸ்னாப்புக்கு முன் ஒரு ரிசீவரைக் குறுக்கே நகர்த்துங்கள். தடுப்பாளர் ஒருவர் அவர் பின்னாலேயே ஓடி வந்தால் பெரும்பாலும் ஆளுக்கு ஆள் காவல். எல்லோரும் ஓரடி சரிந்து நின்றால் பெரும்பாலும் பகுதிக் காவல். பதிலில் பாதியை எதிரணியே சொல்லிவிடும்.

இன்டர்செப்ஷன் எண்ணிக்கையைப் பார்த்து மிரண்டு முறையைக் கலைப்பதுதான் இங்கே நடக்கும் பெரும் பிழை. குவாட்டர்பேக் பெய்டன் மேனிங் தம் முதல் சீசனான 1998-இல் 28 இன்டர்செப்ஷன்கள் கொடுத்தார். புதுமுக வீரர்களில் இன்றுவரை அதுவே அதிகம். இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் 3 வெற்றி, 13 தோல்வி. கோஆர்டினேட்டர் டாம் மூர் மாறவில்லை, மொழி மாறவில்லை. அடுத்த ஆண்டு இன்டர்செப்ஷன் 15 ஆகக் குறைந்தது; அணி 13 வெற்றி, 3 தோல்வி. ரன்னிங் பேக் எட்ஜரின் ஜேம்ஸின் வருகையும் இதில் ஒரு பங்கு என்பதை மறைக்க வேண்டியதில்லை. மூரும் மேனிங்கும் பத்து சீசனுக்கு மேல் சேர்ந்து உழைத்து, கடைசியில் ஹடிலே இல்லாமல், வரிசையில் நின்றபடி மேனிங்கே பிளேயைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு வந்தார்கள்.

எதிர்த்திசையில் குவாட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித் இருக்கிறார். 2005-இன் முதல் தேர்வு. அந்த ஆண்டு 1 டச்டவுன் பாஸ் (எண்ட் ஸோனில் முடியும் பாஸ்), 11 இன்டர்செப்ஷன். சான் ஃபிரான்சிஸ்கோவில் 2005 முதல் 2011 வரையிலான ஏழு சீசன்களில் ஏழு கோஆர்டினேட்டர்கள்: மெக்கார்த்தி, டர்னர், ஹாஸ்ட்லர், மார்ட்ஸ், ரே, ஜான்சன், ரோமன். ஒவ்வொரு கோடையிலும் அதே ரூட்டுக்கு ஒரு புதுப் பெயர். அவரை வீண் தேர்வு என்று பலரும் எழுதித் தள்ளினார்கள். 2011-இல் ஜிம் ஹார்பா தலைமைப் பயிற்சியாளராக வந்து, அவரால் முடிந்ததைச் சுற்றிப் பிளேக்களை அமைத்தபோது சீசன் முழுவதிலும் 5 இன்டர்செப்ஷன்தான். அணி 13 ஆட்டங்களில் வென்றது.

அறிகுறி: ரிசீவர் காலியாக நிற்கிறார், பந்துதான் போய்ச் சேரவில்லை

இங்கே மட்டும் வீரரின் உடலைப் பார்க்கலாம். அதிலும் கையைப் பார்க்குமுன் முன்னங்காலைப் பாருங்கள். பந்து தலைக்கு மேலே போனால் பெரும்பாலும் முன்னங்கால் எட்டாத தூரத்தில் நீட்டப்பட்டிருக்கும், எடை பின்னங்காலிலேயே தங்கியிருக்கும். பந்து ரிசீவருக்குப் பின்னால் விழுந்தால் முன்னங்கால் இலக்கை நோக்கித் திரும்பாமல், உடலுக்குக் குறுக்கே எறிந்திருப்பார். சீசன் நடக்கும்போது எறியும் கையின் வளைவைத் திருத்தப் போகாதீர்கள். அது கோடைக்கால வேலை.

பஃபலோவில் குவாட்டர்பேக் ஜாஷ் ஆலன் இதற்கு நல்ல பாடம். 2018-இல் 52.8 சதவீத பாஸ்கள் சேர்ந்தன, 2019-இல் 58.8, 2020-இல் 69.2. மூன்று ஆண்டும் கோஆர்டினேட்டர் பிரையன் டேபால்தான். ஆலன் விடுமுறைக் காலங்களில் தனிப் பயிற்சியாளரோடு உடலியக்கத்தைச் செப்பனிட்டார். 2020-இல் ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸ் வந்து 127 பாஸ்களைப் பிடித்தார், அந்த ஆண்டு லீகில் அதுவே அதிகம். இவற்றில் எது எவ்வளவு உதவியது என்று யாராவது துல்லியமாகப் பிரித்துச் சொன்னால் நம்பாதீர்கள். குறி தவறுவதற்கான காரணங்களில் 'பிரிந்து நிற்கத் தெரியாத ரிசீவர்கள்' என்பதும் ஒன்று என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: பந்தோட்டம் நகரவே இல்லை

முன்வரிசைக்கு எதிரே நெருங்கி நிற்கும் தடுப்பாளர்களை எண்ணுங்கள். தடுக்க ஆறு பேர் இருக்க எதிரே எட்டுப் பேர் நின்றால் பிளே பிறக்கும்போதே செத்துவிட்டது. ரிசீவர்களைப் பரப்பி அவர்களை வெளியே இழுங்கள், அல்லது குவாட்டர்பேக்கை ஓட்டக்காரராகக் கணக்கில் சேருங்கள். அவர் பந்தைக் கொடுப்பாரா வைத்துக்கொள்வாரா என்று ஒரு தடுப்பாளர் தயங்கினாலே போதும், அவரைத் தடுக்க ஆள் தேவையில்லை. 2019-இல் பால்டிமோரில் கோஆர்டினேட்டர் கிரெக் ரோமன், குவாட்டர்பேக் லமார் ஜாக்சனைச் சுற்றி இப்படித்தான் கட்டினார். ஜாக்சன் மட்டும் 1,206 யார்டு ஓடினார். அணி 3,296 யார்டு ஓடி லீக் சாதனை படைத்தது. ஓடத் தெரியாத குவாட்டர்பேக்கை வைத்துக்கொண்டு இதை நகலெடுக்க வேண்டாம்.

அறிகுறி: முதல் இரண்டு முறை பந்து கிடைத்தபோது அருமை, பிறகு ஒன்றுமில்லை

முதல் 15 பிளேக்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் வழக்கத்தைப் பரப்பியவரும் வால்ஷ்தான். பின்னர் அது 25 வரை போனது. பரபரப்பில்லாத வெள்ளிக்கிழமை அறையில் எடுத்த முடிவு, ஞாயிற்றுக்கிழமைக் கூச்சலில் எடுக்கும் முடிவைவிடத் தெளிவாக இருக்கும் என்பது ஒரு காரணம். எந்த ஃபார்மேஷனுக்கு எதிரணி எப்படி நிற்கிறது என்று வேவு பார்ப்பது அதைவிட முக்கியமான காரணம். பட்டியல் தீர்ந்ததும் அணி வறண்டுபோனால், நீங்கள் வேவு பார்த்ததை யாரும் குறித்துக்கொள்ளவில்லை என்று பொருள். மேலே கண்ணாடி அறையில் இருக்கும் உதவியாளர் ஒருவருக்கு அதையே வேலையாகக் கொடுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் உங்களையே எதிரியாக நினைத்துக் கடந்த நான்கு ஆட்டங்களைப் பாருங்கள். ரன்னிங் பேக் நிற்கும் பக்கத்தைப் பார்த்தே ஓட்டம் எந்தப் பக்கம் என்று உங்களால் சொல்ல முடிந்தால், எதிரணியில் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரும் சொல்லிவிடுவார்.

அறிகுறி: 20 யார்டுக் கோடு வரை வருகிறார்கள், டச்டவுன் வருவதில்லை

இடம் சுருங்கிவிட்டது, அவ்வளவுதான். 5 யார்டுக் கோட்டிலிருந்து ஆழம், எண்ட் ஸோனையும் சேர்த்து 15 யார்டுதான். அகலம் மட்டும் குறையவில்லை. நடுக்களத்து ரூட்டுகளை அப்படியே கொண்டுவராமல், குறுக்கே ஓடுபவற்றையும் குவாட்டர்பேக் பக்கவாட்டில் நகரும் பிளேக்களையும் இதற்கென்று தனியாகப் பயிற்சியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: முன்னிலையில் இருந்துகொண்டே தோற்கிறோம்

கோஆர்டினேட்டர் கைல் ஷானஹனும் குவாட்டர்பேக் மேட் ரயனும் அட்லாண்டாவில் சேர்ந்த முதல் ஆண்டான 2015-இல் ரயன் 16 இன்டர்செப்ஷன் கொடுத்தார். இரண்டாம் ஆண்டில் 38 டச்டவுன் பாஸ், 7 இன்டர்செப்ஷன், மிகச் சிறந்த வீரர் விருது. ஒரே மொழியில் இரண்டாம் ஆண்டு தரும் பலனுக்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டாம். அதே இணைதான் 2017 பிப்ரவரியில் ஹூஸ்டனில் நியூ இங்கிலாந்துக்கு எதிராக நடந்த சூப்பர் பவுலில் (லீகின் இறுதி ஆட்டம்) 28–3 என்று முன்னிலையில் இருந்து 34–28 என்று தோற்றது.

அந்த ஆட்டத்தின் இரண்டு இடங்களை மட்டும் நெருங்கிப் பாருங்கள். 28–12 என்று இருக்கையில், மூன்றாம் டவுனில் (பத்து யார்டு கடக்கக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) ஒரு யார்டு தேவை. பாஸ் அழைக்கப்பட்டது, எதிரணியின் ஹைடவர் பாய்ந்து ரயனின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட, நியூ இங்கிலாந்து அதைக் கைப்பற்றியது. பிறகு 28–20. அட்லாண்டாவின் ரிசீவர் ஹூலியோ ஜோன்ஸ் கோட்டோரத்தில் நம்ப முடியாத ஒரு பந்தைப் பிடித்து, அணியை எதிரணியின் 22 யார்டுக் கோட்டில் நிறுத்தினார். ஐந்து நிமிடம்கூட மீதியில்லை. அங்கிருந்து உதைத்தாலே ஃபீல்ட் கோல் (3 புள்ளி), இரண்டு ஸ்கோர் வித்தியாசம். முதல் டவுன் ஓட்டத்தில் ஒரு யார்டு நஷ்டம். இரண்டாம் டவுனில் பின்வாங்கிப் பாஸ். 12 யார்டு நஷ்டத்தோடு சாக். அடுத்து ஹோல்டிங் (எதிராளியைப் பிடித்து நிறுத்தியது) தண்டனை 10 யார்டு. உதைக்கும் தூரம் போய்விட, பந்தை எதிரணிக்கே பண்ட் செய்ய (உதைத்துக் கொடுத்துவிட) வேண்டியதாயிற்று.

அந்த பிளேக்கள் தம்மளவில் மோசமானவை என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஆண்டு முழுவதும் புள்ளிகளைக் குவித்துக் கொடுத்த வகைதான் அவை. அழைப்புத்தாளில் டவுனும் தூரமும் இருந்தன, கடிகாரமும் ஸ்கோரும் இல்லை என்பதே கோளாறு. எனவே தாளின் ஒரு மூலையில் தனிக் கட்டம் போடுங்கள்: ஒன்று அல்லது இரண்டு ஸ்கோர் முன்னிலை, நான்காம் கால்பகுதி, உதைக்கும் தூரத்துக்குள் பந்து. அந்தக் கட்டத்தில் ஆறு பிளேக்களுக்கு மேல் எழுத வேண்டாம்; ஆறிலும் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வியாழக்கிழமைப் பயிற்சியின் கடைசிப் பத்து நிமிடங்களில் அவற்றை ஓட்டி, ஒவ்வொன்றுக்கும் முன் குவாட்டர்பேக்கிடமே கேளுங்கள்: "இந்த பிளேயில் எத்தனை யார்டு வரை இழக்கலாம்?"